டிக்கெட் இல்லாத தண்ணீர் எங்கே?

பள்ளிக்கூடத்தை அடைத்த மறுநாளே தொழிலாளி வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? ஊட்டிக்குப் போகிறவர்கள் போகிறார்கள். கிளப்பில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் அதில் இறங்குகிறார்கள். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே அக்கினி நட்சத்திரத்தைக் கழிக்கும் நம் பிள்ளைகள் மலையையும் மாளிகையையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் தலையில் தண்ணீர் விழ வேண்டும், சத்தம் போட்டு நனைய வேண்டும் என்கிறார்கள். கேட்பது இவ்வளவுதான். இதையும் கொடுக்க முடியாமல் தாயும் தகப்பனும் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள்.

இது சின்ன விஷயம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். கூலி, பஞ்சப்படி, போனஸ், வேலை நிரந்தரம் என்று ஆயிரம் பிரச்னை இருக்கும்போது தண்ணீர் விளையாட்டைப் பற்றி என்ன கட்டுரை என்று கேட்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளி எட்டு மணி நேர ஓய்வையும் சேர்த்துத்தான் கேட்டான். அந்த ஓய்வில் குடும்பத்தோடு போய் உட்கார ஓர் இடம் வேண்டாமா?

தண்ணீர் விளையாட்டு இன்று ஒரு பெரிய வியாபாரம். ஊருக்கு வெளியே சுவர் எழுப்பி, உள்ளே செயற்கை அலையும் சறுக்கு மரமும் வைத்து, வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் போய் வந்தால் ஒரு வாரக் கூலி அங்கேயே கரைந்துவிடும். பஸ் கட்டணம் தனி. உள்ளே சோறு கொண்டுபோகக் கூடாது என்பார்கள். அங்கே விற்பதைத்தான் வாங்கவேண்டும். குளிக்கும் உடுப்பையும் வாடகைக்கு எடு என்பார்கள். இப்படி ஒரு நாள் போய்வந்த குடும்பம் அடுத்த சனிக்கிழமை வட்டிக்காரன் முன்னால் நிற்கவேண்டியதுதான்.

"ஏன், நாட்டில் ஆறும் அருவியும் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கின்றன. ஆனால் காலண்டரைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். குற்றாலத்தில் சாரல் தொடங்குவது ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழையோடு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன் மாதம். மே மாதத்தில் குற்றாலத்துக்குப் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரலாம். தஞ்சை ஜில்லாவில் பண்ணை வேலை செய்யும் தோழர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மேட்டூர் அணையை டெல்டா பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், அது அபூர்வம். மற்ற வருஷங்களில் சித்திரையிலும் வைகாசியிலும் வாய்க்காலில் புழுதிதான் பறக்கும். நாடு முழுவதற்கும் சோறு போடும் ஜில்லாவில், வெயில் உச்சத்தில் நிற்கும் மாதத்தில், ஒரு குழந்தை கால் நனைக்க வாய்க்கால் இல்லை.

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். பக்தர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்கள். தோப்பறை என்று அதற்குப் பெயர். சாமிக்குப் பீய்ச்சும் தண்ணீர் சுற்றி நிற்கும் ஜனங்கள் மேலும் விழும். மில் தொழிலாளியின் பிள்ளை, கடைச் சிப்பந்தியின் பிள்ளை, கட்டிட வேலைக்காரரின் பிள்ளை எல்லாரும் சேர்ந்து நனைந்து கூத்தாடுவார்கள். டிக்கெட் கிடையாது. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் நின்றுவிடும். பிறகு மணலும் சாக்கடையும்தான். வருஷத்தில் மூன்று நாள் கிடைக்கும் இந்த மகிழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு, ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்று யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

திருப்பூர்த் தோழர்களின் கதை வேறு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் போய்ச் சேரும் நொய்யலில் அவர்களுடைய பாட்டன்மார் குளித்தார்கள், துணி துவைத்தார்கள். பின்னால் சாயக் கழிவு வந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் முழுவதையும் மூடச் சொல்லி உத்தரவு போடும் நிலைமை வந்தது. பனியன் உலகம் முழுவதும் போயிற்று. அதன் லாபம் போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஆறு மட்டும் தொழிலாளியின் பங்காக நின்றது. இன்றைக்கும் திருப்பூர் ஊருக்குள் நொய்யலில் குழந்தையை இறக்கத் துணியும் தாய் கிடையாது. காசில்லாமல் கிடைத்த தண்ணீரைக் கெடுத்தாயிற்று. இனிமேல் காசு கொடுத்து வாங்கிக் குளி என்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளைகள் கோடையில் எங்கேதான் போகிறார்கள்? தாயும் தகப்பனும் வேலைக்குப் போன பிறகு, கைவிட்ட கல்குவாரிக் குழிக்குப் போகிறார்கள். படிக்கட்டு இடிந்த கிணற்றுக்குப் போகிறார்கள். மண் அள்ளிப் பள்ளமாக்கிய கண்மாய்க்குப் போகிறார்கள். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், இரண்டு எட்டு வைத்தால் ஆளை விழுங்கும் பள்ளம். விடுமுறை தொடங்கிய பிறகு பத்திரிகையைப் பிரித்தால் மூலையில் ஒரு செய்தி இருக்கும்: குளிக்கப் போன சிறுவர்கள் பிணமாக மீட்பு. தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 38,503 பேர் தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு நூற்றைந்து பேர்! இவர்களில் எத்தனை பேர் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. நீச்சல் வாத்தியாரும் காவல்காரரும் உள்ள குளத்தில் குளிக்கிறவன் கல்குவாரிக்குப் போகமாட்டான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிணறும் குவாரியும் பையன்களுக்குத்தான். ஆபத்தோ சுகமோ, அவர்கள் போய்விடுகிறார்கள். பெண் குழந்தை என்ன செய்யும்? பத்து வயது ஆனதும் "நீ போகாதே" என்று நிறுத்திவிடுகிறோம். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்பது அவள் கோடை. தண்ணீரைச் சுமக்கிறவள் அவள். அதில் விளையாட அவளுக்கு இடம் இல்லை.

பம்புசெட் தொட்டி இருக்கிறதே என்று கிராமத்துத் தோழர்கள் சொல்லலாம். உண்மைதான், அதைப் போல ஒரு சுகம் இல்லை. மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்தால் உடம்பு அலுப்பெல்லாம் போகும். அந்தத் தண்ணீரும் வீணாவதில்லை. குளித்த பிறகு வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போய்விடும். ஆனால் தொட்டி யாருடையது? தோட்டத்துக்காரருடையது. அவர் மனம் வைத்தால் குளிக்கலாம். அவர் பிள்ளைகள் குளிக்கும்போது கூலிக்காரர் பிள்ளை அதே தொட்டியில் இறங்கலாமா என்பது எந்த ஊர், எந்தச் சாதி என்பதைப் பொறுத்தது. தயவில் கிடைக்கும் தண்ணீரை நாம் கணக்கில் சேர்க்க முடியாது.

சரி, வழி என்ன? பல தேசங்களின் நகரசபைகள் ஒரு காரியம் செய்திருக்கின்றன. ஒவ்வொரு பேட்டையிலும், பூங்காவில் ஒரு மூலையில், வழுக்காத ஒரு தளம் போட்டிருக்கிறார்கள். தரையிலிருந்தும் மேலே நிற்கும் வளைந்த குழாய்களிலிருந்தும் தண்ணீர் பீறிட்டும் தூவியும் விழும். விழுந்த தண்ணீர் தேங்காது, அப்போதைக்கப்போது வடிந்துவிடும். பிள்ளைகள் நடுவில் ஓடலாம், உட்காரலாம், ஊற்றின் வாயைக் காலால் அடைத்துப் பார்க்கலாம். தேங்கும் தண்ணீரே இல்லாததால் முங்கிச் சாகும் பயம் இல்லை. இரண்டு வயதுக் குழந்தையையும் விடலாம். சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் உள்ளே போகலாம். பெண் குழந்தைகள் போட்டிருக்கும் பாவாடை சட்டையோடு நனையலாம், தாய் பக்கத்து மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அனேக இடங்களில் கட்டணம் இல்லை. ஸ்பிளாஷ் பேட் என்று அங்கே இதைச் சொல்கிறார்கள். காட்டுக்குத் தண்ணீர் தெளிக்க நம் விவசாயி வைத்திருக்கும் மழைத்தூவானை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளைகளுக்காகச் சிமெண்டுத் தளத்தில் வைத்தது போலத்தான். நாம் தூவான் தளம் என்றே சொல்லிவிடலாம். நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு. பயிர் வாடக் கூடாது என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்படி ஒரு வசதி அங்கே கருணையால் வந்ததாக நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு தீயணைப்புக்காக இரும்புக் குழாய்த் தூண்கள் நடைபாதையில் நிற்கும். ஏழைப் பேட்டைகளில் வெயில் தாங்காமல் போகும்போது யாராவது ஒரு பெரிய திருகுசாவி கொண்டுவந்து அதைத் திறந்துவிடுவார்கள். தெருவே ஆறாகும், பிள்ளைகள் கூட்டம் அதில் ஆடும். ஆனால் ஒரு குழாயை முழுக்கத் திறந்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,800 லிட்டர் போய்விடும். குழாயில் அழுத்தம் குறையும். அந்த நேரம் எங்காவது தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் வராது. ஆகையால் போலீஸ் வந்து மூடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் மூடிவிட்டுப் போகிற போலீஸ், பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள் என்று சொல்வதில்லையே!

சிகாகோ நகரில் 1966 ஜூலை 12 அன்று நடந்தது இதுதான். நகரின் மேற்குப் பகுதி நீக்ரோ மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அன்றைக்குப் பத்திரிகைகள் எழுதிய சொல் அது, இன்று கறுப்பின மக்கள் என்கிறோம். நாள்கணக்காகக் கொடும் வெயில். காற்று வராத அடுக்கு வீடுகள். பக்கத்திலிருந்த நகரசபை நீச்சல் குளங்களில் பெரும்பாலானவற்றில் கறுப்புக் குழந்தை கால் வைத்தால் அடி விழும் நிலைமை. பிள்ளைகள் தெருக் குழாயைத் திறந்து நனைந்தார்கள். போலீஸ் வந்து மூடியது. ஜனங்கள் மறுபடி திறந்தார்கள். கைது, தடியடி, கல்வீச்சு என்று வளர்ந்து பகுதி முழுவதும் பற்றிக்கொண்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. மாகாண கவர்னர் ஆயிரக்கணக்கில் பட்டாளத்தை இறக்கினார். வீட்டு வசதிக்காகவும் சம உரிமைக்காகவும் அந்த வருஷம் சிகாகோவில் தங்கிப் போராடிக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங் இரவு பகலாக அலைந்து ஜனங்களை அமைதிப்படுத்தினார். பிறகு மேயர் டேலியோடு பேச்சு. மேயர் என்ன ஒப்புக்கொண்டார் தெரியுமா? தெருக் குழாய்களுக்குத் தூவும் மூடி போடுவது. எடுத்துச் செல்லக்கூடிய சிறு நீச்சல் தொட்டிகளை அந்தப் பகுதிக்குக் கொண்டுவருவது!

கேட்ட வீடும் வேலையும் கிடைக்கவில்லை, தூவும் மூடிதான் கிடைத்தது என்று அப்போதே பலர் கசந்து பேசினார்கள். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் நாம் இதிலிருந்து ஒன்றைப் பார்க்கிறோம். மூடி ஒன்றும் ராக்கெட் யந்திரம் இல்லை. துளை போட்ட ஓர் இரும்பு வட்டம். அதைப் போட்டால் நிமிஷத்துக்கு 3,800 லிட்டர் போகிற இடத்தில் 95 லிட்டர்தான் போகும். பிள்ளைகளும் நனைவார்கள், தீயணைப்புக்கும் தண்ணீர் இருக்கும். இவ்வளவு சுலபமான பரிகாரம் கையில் இருந்தும், ஜூலை 11 அன்று அதைச் செய்ய ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை. பட்டாளம் தெருவில் நின்ற பிறகுதான் தோன்றியது. இன்று நியூயார்க் நகரில் பதினெட்டு வயதான எவரும் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு அந்த மூடியைக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம்.

அதே நியூயார்க்கில் 1936 கோடையில், ஒரே பருவத்தில், பதினொரு பெரிய பொது நீச்சல் குளங்களைத் திறந்தார்கள். வேலையில்லாத தொழிலாளர்களுக்குச் சர்க்கார் கூலி கொடுத்துக் கட்டிய குளங்கள் அவை. பணம் இல்லை என்று சர்க்கார்கள் கைவிரிக்கும்போதெல்லாம் நாம் இதை ஞாபகப்படுத்தலாம். உலகமே பொருளாதார நெருக்கடியில் புரண்டுகொண்டிருந்த வருஷங்களில் கட்டியவை.

ஆனால் கட்டுவது ஒன்று, எல்லாருக்கும் திறந்து வைப்பது வேறொன்று. அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில், குளங்களில் நிற வேற்றுமை கூடாது என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கியதும் பல ஊர்கள் என்ன செய்தன? அலபாமா மாகாணத்தின் மாண்ட்கோமரி நகரம் 1959 ஜனவரி முதல் நாள் எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடியது. நீச்சல் குளத்தை மண் போட்டு நிரப்பியது. மிஸிஸிப்பியின் ஜாக்ஸன் நகரமும் குளங்களை மூடியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1971இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம் நின்று, மூடியது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கறுப்புப் பிள்ளை இறங்குவதைவிட நம் பிள்ளையும் இறங்காமல் போகட்டும்! வெள்ளைத் தொழிலாளியின் குழந்தையும் சேர்ந்துதான் வெயிலில் காய்ந்தது. வசதியுள்ள வெள்ளையர்கள் வீட்டுக் கொல்லையில் சொந்தக் குளம் வெட்டிக்கொண்டார்கள்.

நம் ஊரில் இப்படி நடக்காது என்று யாராவது சொன்னால், ஊர்க் கிணற்றின் சரித்திரத்தை அவருக்குச் சொல்லுங்கள். பொதுக் குளம் இருந்தும் ஒரு பகுதி ஜனங்கள் கரையில் நின்று, யாராவது ஊற்றினால் வாங்கிக்கொண்டு போன காலத்தை நம் தாத்தா பாட்டிகள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த வழக்கம் எல்லாக் கிராமங்களிலும் செத்துவிட்டது என்று சத்தியம் செய்ய நம்மால் முடியாது. ஆகையால்தான், தூவான் தளம் ஏதோ ஒரு தர்மப் பிரபுவின் இடத்தில், அவர் பெயர்ப் பலகையோடு, அவர் தயவில் வரக் கூடாது. நகரசபைப் பணத்தில், நகரசபை இடத்தில் வரவேண்டும் என்கிறோம். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சர்க்கார் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், படித்துறை, ரோடு, பொது இடங்கள் எதிலும் சாதி, மதம், பால் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்று 1950 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. படித்துறை என்பதைச் சட்டத்தில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்குத் தண்ணீரின் கதை தெரிந்திருந்தது.

இப்போது நம்மவர்களே கேட்கும் ஒரு கேள்விக்கு வருவோம். "குடிக்கத் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறது, இதில் விளையாடத் தண்ணீரா?" கேள்வி நியாயமானது. இதை மழுப்பக் கூடாது. நிமிஷத்துக்கு 95 லிட்டர் என்றால் மணிக்கு 5,700 லிட்டர்; இரண்டு மணி நேரத்தில் ஒரு பெரிய தண்ணீர் லாரி காலி. அமெரிக்காவைப் போல் குடிநீரைத் தூவிச் சாக்கடையில் விடும் முறை நமக்கு ஆகாது. அப்படி ஒரு திட்டத்தை எந்த அதிகாரி கொண்டுவந்தாலும் நாமே எதிர்க்கவேண்டும்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விழும் தண்ணீரைத் தரைக்கடியில் ஒரு தொட்டியில் பிடித்து, வடிகட்டி, குளோரின் கலந்து, மறுபடி மேலே ஏற்றுவது. ஆவியாகிறதும் துணியில் ஒட்டிப்போகிறதும் கழிக்கிறதும்தான் செலவு. மற்றொன்று பம்புசெட் தொட்டியின் வழி. பூங்காவில் மரம் செடிக்கு நகரசபை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எப்படியும் தண்ணீர் விடுகிறது. அந்தத் தண்ணீர் சுத்தமானதா என்று பரிசோதித்துவிட்டு, முதலில் பிள்ளைகள் தலையில் விழுந்து, பிறகு மரத்தடிக்குப் போகட்டுமே. மரத்துக்குக் குறைவு ஒன்றும் வராது. எந்தப் பேட்டையில் நிலத்தடி நீரும் இல்லையோ, அங்கே முதல் கோரிக்கை குடிநீர்தான். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குடிநீர்ப் பஞ்சத்தைக் காட்டித் தொழிலாளி பிள்ளையின் விளையாட்டை மறுக்கிறவர்கள், அதே ஊரில் ஹோட்டல் நீச்சல் குளம் நிரம்புவதை ஒரு தடவையாவது தடுத்திருக்கிறார்களா?

சுகாதார விஷயத்தில் நாம் கண்டிப்பாக இருக்கவேண்டும். திருப்பி ஏற்றும் தண்ணீரில் கவனம் தப்பினால் வயிற்றுப்போக்கு வரும். ஒரு குழந்தையிடமிருந்து நூறு குழந்தைக்குப் போகும். அமெரிக்க சர்க்காரின் நோய்த்தடுப்பு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கில், 1997 முதல் 2022 வரை இத்தகைய தளங்களால் 60 தடவை நோய் பரவி 10,611 பேர் சீக்காகியிருக்கிறார்கள். பெரும்பாலும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி. குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும் பொல்லாத கிருமி அது. புற ஊதாக் கதிர் விளக்கு வைத்தால் அடங்கும். டெக்ஸாஸ் மாகாணத்தின் ஆர்லிங்டன் நகரில் 2021இல் ஒரு குழந்தை இத்தகைய தளத்தில் விளையாடிய பிறகு அமீபா மூளைக்கு ஏறி இறந்துபோயிற்று. தினசரிக் குளோரின் பரிசோதனையை அங்கே ஒழுங்காகச் செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. பணக்கார தேசத்திலேயே இந்த அலட்சியம் என்றால் நம் நகரசபைகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா? திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம், ஆறு மாதம் கழித்து வடிகட்டியைக் கழுவ வராது.

ஆகவே தளத்தோடு ஆளையும் சேர்த்துக் கேட்கவேண்டும். தினமும் குளோரின் அளவை எழுதி வாசல் பலகையில் ஒட்டும் ஒரு ஊழியர், ஒப்பந்தக் கூலி இல்லாமல் நிரந்தரச் சம்பளத்தில். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் கொண்டுவராதீர்கள் என்று தாய்மார்களிடம் முகம் பார்த்துச் சொல்லக்கூடியவராக அவர் இருக்கவேண்டும். பாசி பிடிக்காமல் தேய்க்கவேண்டும். வெயிலில் கொதிக்காத வெளுப்பு நிறத் தரை, நாலு வேப்ப மரம், பக்கத்திலேயே கழிப்பறை. மோட்டாரில் மின்கசிவு வந்தால் அந்தக் கணமே அறுந்துபோகும் பாதுகாப்பு இல்லாமல் ஒரு நாளும் திறக்கக் கூடாது. ஈரத் தரையும் மின்சாரமும் சேர்ந்தால் என்னவாகும் என்று மில்லில் வேலை செய்கிறவருக்கு நாம் பாடம் நடத்த வேண்டாம்.

இதற்கெல்லாம் பணம்? நகரசபைப் பூங்காக்களைப் பாருங்கள். வண்ண விளக்கு போட்ட நீரூற்று இல்லாத பெரிய பூங்கா அபூர்வம். பாட்டுக்கேற்ப ஆடும் ஊற்று கூட உண்டு. சுற்றிலும் கம்பி வேலி. "உள்ளே இறங்காதீர்கள்" என்று பலகை. ஒரு குழந்தை வேலிக்குள் கையை நீட்டினால் காவல்காரர் விசில் ஊதுகிறார். பாவம், அவரும் கூலிக்காரர். ஊதாவிட்டால் அவர் வேலை போகும். மோட்டார் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது, கரண்டு பில்லும் கட்டுகிறார்கள். தண்ணீரும் ஊற்றில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இல்லாதது பிள்ளைகளை உள்ளே விடும் புத்திதான். பார்ப்பதற்கு மட்டும் தண்ணீர் வைக்கும் வழக்கம் அரண்மனைக்குப் பொருந்தும். தொழிலாளர் வரி கட்டும் ஊருக்கு அது எதற்கு?

கேட்கும்போது தெளிவாகக் கேட்கவேண்டும். ஊர் முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய தளம், அதுவும் ரிங் ரோட்டில் என்றால் நமக்குப் பிரயோஜனமில்லை. அது காரில் வருகிறவர்களுக்குத்தான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் பத்து நிமிஷத்தில் நடந்து போகும் தூரத்தில், வார்டுக்கு வார்டு, சிறியதாக இருந்தால் போதும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று ஆபீஸ் நேரம் வைத்தால் அதுவும் வீண். முதல் ஷிப்டு விட்டு வருகிறவர் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பார். ஒன்றரை ஷிப்டு பார்க்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உண்டு. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் வீடு திரும்பி அடுப்பை மூட்டுவதற்குள் இருட்டிவிடும். ராத்திரி எட்டு மணி வரை விளக்குப் போட்டு வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு என்று பூட்டக் கூடாது. பூட்டுவதானால் செவ்வாய்க்கிழமை பூட்டட்டும். ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்து நம் ஊர் மில்லில் வேலை செய்யும் தோழர்களின் பிள்ளைகளும் இங்கேதான் கோடையைக் கழிக்கிறார்கள். ரேஷன் கார்டு கேட்டு அவர்களை வாசலில் நிறுத்தக் கூடாது.

கிராமப் பஞ்சாயத்துகளில் இருக்கும் தோழர்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கவேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். இன்னொன்று மே தினம். மே தினத்தன்று தீர்மானம் போட்டால் அந்தக் கோடை போய்விடும். மார்ச் 22 அன்றே எழுதிப் பதிவு செய்யவேண்டும். கிராமத்துக்குப் பெரிய யந்திரம் தேவையில்லை. பஞ்சாயத்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு தளம், துளைபோட்ட நாலு குழாய், தண்ணீர் போய்ச்சேர ஒரு தென்னை வரிசை. உள்ளூர்க் கொத்தனாரும் பிளம்பரும் சேர்ந்தால் முடிகிற வேலை. கூடவே கைவிட்ட குவாரிக் குழிகளுக்கு வேலி போடவும் அதே கூட்டத்தில் கேளுங்கள். தளம் வருகிற வரைக்கும் பிள்ளைகள் அங்கேதானே போவார்கள்.

நகரத்தில் வார்டு கவுன்சிலருக்கும் கமிஷனருக்கும் மகஜர் கொடுக்கவேண்டும். அதை எழுதும்போது எந்தப் பூங்கா, எந்த மூலை, அங்கே ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா, ஓடாமல் நிற்கும் நீரூற்று மோட்டார் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பிடுங்கள். பொதுவாக எழுதினால் பொதுவாகத்தான் பதில் வரும். கையெழுத்து வாங்கத் தாய்மார்களிடம் முதலில் போங்கள். எத்தனை மணிக்குத் திறக்கவேண்டும், எத்தனை மணிக்கு அடைக்கவேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டு மகஜரில் எழுதிவிடுங்கள்.